பாம்பாட்டியும் நீல ஓட்டுச் சுவரும்

கேள்வி: ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியரின் ‘பாம்பாட்டி’ ஓவியத்தில் ஒவ்வொரு ஓடும் நேரில் கண்டதுபோல் துல்லியமாக இருக்கிறது. அதைக் கீழைநாட்டவரைத் தாழ்த்தும் ஓவியம் என்று சொல்வது நியாயமா?
– வாசகர், திருச்சி

பதில்: அந்தத் துல்லியத்திலிருந்தே தொடங்குவோம். 1879 வாக்கில் தீட்டப்பட்ட இந்த ஓவியத்தில், நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஆடையற்ற சிறுவன் ஒரு பெரிய பாம்பை உடலில் சுற்றியிருக்கிறான். முதியவர் ஒருவர் குழல் ஊதுகிறார். சுவரோரம் ஆயுதங்களுடன் அமர்ந்திருக்கும் ஆண்கள் அவனையே பார்க்கிறார்கள். பின்னாலுள்ள நீல ஓடுகள் இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் உள்ளவற்றைப் பார்த்து வரையப்பட்டவை. பாம்பாட்டி வித்தையோ எகிப்தைச் சேர்ந்தது. தனித்தனியாக உண்மையானவற்றை ஒன்றுசேர்த்து, எங்குமே நடந்திராத ஒரு காட்சியை ஓவியர் அமைத்திருக்கிறார்.

கலை வரலாற்றாய்வாளர் லிண்டா நாக்லின் 1983-இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய ஓவியங்களில் எவையெல்லாம் இல்லை என்று கேட்டார். தூரிகையின் தடம் மறைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் தேர்ந்து அமைத்த காட்சி என்பது மறந்துபோய், நாடே இப்படித்தான் என்ற எண்ணம் உண்டாகிறது. ஐரோப்பியர் ஒருவரும் படத்தில் இல்லை; ஆனால் அவர் பார்ப்பதற்காகவே எல்லாம் அடுக்கப்பட்டுள்ளது. சிறுவனை வெறித்துப் பார்க்கும் பழி சுவரோரத்து ஆண்களுக்குப் போய்விட, அதே உடலைப் பார்வையாளர் குற்ற உணர்வின்றிப் பார்க்கலாம். என் மனத்தை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். 1876-இல் அரசியலமைப்புச் சட்டமும் அதை அடுத்து நாடாளுமன்றமும் கண்ட, இஸ்தான்புல்லைத் தலைநகராகக் கொண்ட உஸ்மானியப் (ஓட்டோமான் துருக்கிய) பேரரசு இங்கே சிதைந்த தரையாகவும் சோம்பியிருக்கும் மனிதர்களாகவும் மட்டுமே தெரிகிறது. ஜெரோமின் கைத்திறனை நான் மறுக்கவில்லை. அந்த நீலம் கண்ணைவிட்டு அகலாதது. காட்சியை நம்பச் செய்வதும் அந்தத் திறன்தான் என்பதால், அதைப் பாராட்டும்போதே கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அந்நாட்டு ஓவியர்கள் இதற்கு மறுமொழி தந்தார்களா?
– வாசகி, கோவை

பதில்: பாரிஸில் ஓவியம் பயின்ற உஸ்மான் ஹம்தி பே என்ற உஸ்மானிய ஓவியரின் படைப்புகளை அப்படிப் பார்க்கலாம். 1881-இல் பேரரசு அருங்காட்சியகத்தின் இயக்குநரான அவர், தொல்பொருள்கள் வெளிநாடு செல்வதைத் தடுக்கும் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் காரணமாக இருந்தார். ஐரோப்பியரிடம் கற்ற அதே நுணுக்கத்தோடு, படிப்பவர்களையும் விவாதிப்பவர்களையும் அவர் வரைந்தார். 1906-இல் தீட்டிய ‘ஆமைப் பயிற்சியாளர்’ ஓவியத்திலும் நீல ஓடுகள் பெயர்ந்திருக்கின்றன, குழலும் இருக்கிறது. ஆனால் குழலை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி, காலடியில் ஊரும் ஆமைகளைப் பார்த்துச் சிந்தனையில் நிற்கும் அந்த மனிதருக்கு ஓவியர் தம் உருவத்தையே தந்திருக்கிறார்.