இப்னு சீனாவின் ஆன்மாவும் மூளையும்

அன்புள்ள ஐயா,

பதினோராம் நூற்றாண்டுப் பாரசீகத் தத்துவஞானி இப்னு சீனாவின் 'மிதக்கும் மனிதன்' என்ற கற்பனைச் சோதனை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உடல் வேறு, ஆன்மா வேறு என்று பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் சொன்னதும் இதுதானே? மூளையில் அடிபட்டால் நினைவே போய்விடுகிறது. பிறகு இந்த வாதத்துக்கு இன்று என்ன மதிப்பு?

ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

மூளைக் காயத்தைக் காட்டி இப்னு சீனாவை மடக்க முடியாது. அவர் மருத்துவர். புலன்கள் தருவது ஒன்றுசேரும் இடம் மூளையின் முன்னறை. ஓநாயைக் கண்டதும் ஆட்டுக்குப் பகை புலப்படுவது நடு அறையில். நினைவு பின்னறையில் என்று இடம் குறித்தே எழுதியவர். அந்த அறைக்கணக்கு தவறு என்று இன்று தெரியும். ஆனால் நினைவும் கற்பனையும் உடலின் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

உறுப்பு இல்லாமல் நடப்பதாக அவர் சொன்னது ஒன்றைத்தான். இந்த முக்கோணம், அந்த முக்கோணம் என்றில்லாமல் முக்கோணம் என்ற பொதுக்கருத்தையே அறிவது. அந்தக் கருத்தைத் துண்டு போட முடியாது, உடலில் இருப்பதெல்லாம் துண்டாகும், எனவே அது உடலில் தங்காது என்பது அவர் வாதம். மோதுவதென்றால் இங்கே மோதுங்கள். ஒரு கருத்தைக் குறிக்கும் மூளை நிகழ்வுக்கு அந்தக் கருத்தின் குணங்களே இருக்க வேண்டியதில்லை. இந்த மறுப்பு வலுவானது என்றே நினைக்கிறேன்.

சரி, மிதக்கும் மனிதனுக்கு வருவோம். ஒரே கணத்தில் முழுமையாகப் படைக்கப்பட்டு, பார்வை மறைக்கப்பட்டு, விரல்கள்கூட ஒன்றையொன்று தொடாமல் வெற்றுவெளியில் மிதப்பவன். தான் இருப்பதை அவன் அறிவான், உடலை அறியமாட்டான். இதை வைத்து ஆன்மா உடல் அல்ல என்று முடிவுகட்டினால் அது அவசரம். 1641-இல் பிரெஞ்சு இறையியலாளர் அர்னோ டெகார்ட்டிடம் சொன்ன ஆட்சேபம் இதற்கும் பொருந்தும். செங்கோண முக்கோணத்தை அறிந்தவனுக்குப் பித்தாகரஸ் தேற்றம் தெரியாமல் இருக்கலாம். அதற்காகத் தேற்றம் பொய்யாகிவிடாது. அதுபோல, உடலை அறியாததாலேயே ஆன்மா உடல் அல்ல என்றாகிவிடாது. ஆனாலும் 'நான்' என்ற உணர்வு புலன் வழியாக வருவதில்லை என்ற கவனிப்பு அப்படியே நிற்கிறது. 1995-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்றதும், மூளை வேலை செய்யும்போது உள்ளே ஏன் ஓர் அனுபவமும் இருக்கிறது என்பதைத்தான்.

டெகார்ட்டும் இப்னு சீனாவும் ஒன்றல்ல. இப்னு சீனாவுக்குச் செடி வளர்வதும் ஆன்மாவின் வேலைதான். மனித ஆன்மா உடலுக்கு முன்பே எங்கோ காத்திருப்பதில்லை. தகுந்த உடல் உருவாகும்போதே தோன்றி, அந்த உடலால்தான் தனி ஆளாகிறது.

பதினேழாம் நூற்றாண்டுப் பாரசீகத் தத்துவஞானி முல்லா சத்ரா இன்னும் துணிந்தவர். ஆன்மா தோன்றும்போது உடல், நிலைக்கும்போது ஆவி என்றார். பொருளின் சாரமே நகர்ந்து, செறிந்து, ஆன்மாவாகிறது. பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643-இல் டெகார்ட்டிடம் கேட்டாரே, இடமே அடைக்காத ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று. சத்ராவிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்க முடியாது. இரண்டை ஒட்டவைக்கும் வேலையே அவருக்கு இல்லை. மூளையிலிருந்து மனம் புதிதாக எழுகிறது என்னும் இன்றைய தத்துவவாதிகளுக்கு அவர் பக்கத்தில்தான் நிற்கிறார். ஆனால் மூளை அழிந்தால் மனமும் அழியும் என்பார்கள் அவர்கள், அவர் ஒப்பமாட்டார்.

உடலில் பிறந்தது உடலை விட்டு எப்படி நிற்கும்? அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அவருடைய 'அஸ்ஃபார்' (பயணங்கள்) நூலில் 'நான்காம் பயணம்' என்ற பகுதி ஆன்மாவையும் மறுமையையும் பற்றியது. அடுத்து அங்கே போங்கள்.