சீனிக்குக் காமரங்காய்ச் சாறு குடிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. 12 வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் தந்த மெற்போமின், கிளிக்கிளசைட் குளிசைகள் போடுகிறா. பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று ஒரு மாதமாக வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு குடிக்கிறா. முழங்கால் உளைவுக்குச் சந்தையில் வாங்கிய மூலிகைத் தூளும் உண்டு. மூன்றே நாளில் வலி போயிற்றாம். “காயும் இலையும்தானே, என்ன செய்யப் போகுது” என்கிறா. ஏசுவார்கள் என்ற பயத்தில் கிளினிக்கில் மூச்சும் விடுவதில்லை. இரண்டையும் தொடரலாமா?
— வாசகி, பெரியகல்லாறு

பதில்: சாற்றை இன்றைக்கே நிறுத்துங்கள், மகள். தூளை மட்டும் சட்டென்று நிறுத்தச் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

காமரங்காயில் ஒக்சலேற் என்ற அமிலச் சத்து அதிகம், புளிப்பான காயில் இன்னும் அதிகம். பழுத்ததில் இரண்டு துண்டு தின்பது வேறு. பல காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பது வேறு. இரத்தத்தில் ஏறும் ஒக்சலேற் சிறுநீரகத்தில் கல்சியத்தோடு சேர்ந்து, பளிங்குத் துகளாகப் படிந்து, நுண்குழாய்களை அடைத்துவிடும். பிலிம்பிக்காய்ச் சாறும் இதையே செய்யும். இப்படிச் சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களைப் பற்றி இலங்கை வைத்தியசாலை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காயிலுள்ள கரம்பொக்சின் என்ற நஞ்சு வெளியேற வழியில்லாமல் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல், பிதற்றல், வலிப்பு என்று போய் உயிரும் போகலாம். 12 வருடச் சீனி சிறுநீரகத்தைத் தொட்டிருந்தாலும் வெளியே தெரியாது.

“குடித்த பிறகு சீனி இறங்கியிருக்கே” என்று அம்மா சொல்லக்கூடும். என்னை அதிகம் பயப்படுத்துவது அந்தப் பேச்சுத்தான். சிறுநீரகம் சோர்ந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். சில சீனிக் குளிசைகளும் அப்படித்தான். அதனாலும் சீனி இறங்கும். சாறு வேலை செய்கிறது என்று வீட்டார் சந்தோஷப்படும் நேரத்தில் சிறுநீரகம் கைவிட்டுக்கொண்டிருக்கலாம். மெற்போமினும் அந்த நிலையில் ஆபத்து.

இனித் தூள். வருடக்கணக்கான மூட்டு வலி வெறும் மூலிகையால் மூன்று நாளில் பறந்து போவது எனக்குச் சந்தேகம். வலிக்கும் இழுப்புக்கும் விற்கும் தூள்களில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்தையோ வலிக்குளிசையையோ களவாகக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட விஷயம். ஸ்டீரொயிட் சீனியை ஏற்றும், முகத்தை ஊத வைக்கும். வலிக்குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பல வாரம் ஸ்டீரொயிட் எடுத்தவர் திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், பிரஷர் விழுதல் வரலாம். அதனால்தான் நிறுத்தும் விதத்தை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும், அதுவும் இந்த வாரமே.

உலோகக் கலப்பும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஆய்வு 2004இல் வந்தது. 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது.

பரிசாரியாரைக் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். என் பாட்டியின் கையொடிவை எண்ணெய்க் கட்டுப் போட்டுச் சுகப்படுத்தியவர் ஊர்ப் பரிசாரியார்தான். நாடி பிடித்து, பத்தியம் சொல்லி, ஆளைப் பார்த்து மருந்து தருபவர் வேறு. பெயரும் திகதியும் இல்லாத பேக்கற்றைச் சந்தையில் நீட்டுபவர் வேறு. நாட்டு மருந்துதான் வேண்டுமென்றால் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போங்கள். கிளினிக் கொப்பியை அவரிடமும் காட்டுங்கள்.

அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். தூள் பேக்கற்றையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நீங்களே அம்மாவோடு போங்கள். “ஒரு மாதமாகக் காமரங்காய்ச் சாறு குடித்தவ, கிரியற்றினின் பாருங்கள்” என்று நேராகச் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை அது. ஏச்சு விழுந்தால் உங்கள் மேல் விழட்டும். சிறுநீர் குறைந்தால், கால் வீங்கினால், வாந்தி வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. விக்கல் நிற்காவிட்டாலோ பேச்சுத் தடுமாறினாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழையுங்கள். வியர்த்து நடுங்கினால் சீனி அளவுக்கு மேல் இறங்கியிருக்கலாம்; விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், முதலில் சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள்.

மிச்சத் தூளைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டி வந்தால் அது ஒன்றுதான் கையில் இருக்கும்.