ஜெபத்திற்குப் பதில் தாமதிக்கும்போது விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் என்ன?

கேட்டது இன்னும் கிடைக்காத நிலையிலும், தேவனை விட்டு விலகாமல் தொடர்ந்து ஜெபிப்பதும் அன்றாடக் கடமைகளில் உண்மையாயிருப்பதுமே நிலைத்திருத்தல். புதிய ஏற்பாட்டில் இதற்கு வரும் ‘ஹூப்போமொனே’ என்னும் கிரேக்கச் சொல்லைத் தமிழ் வேதாகமம் ‘பொறுமை’ என்கிறது. அதன் வேர்ப்பொருளோ, பாரத்தின் கீழிருந்து ஓடிவிடாமல் தங்கியிருத்தல்.

இதற்கு அடிப்படைக் காரணம், கிறிஸ்தவ விசுவாசம் பதிலின்மேல் அல்ல, வாக்களித்தவரின் குணத்தின்மேல் நிற்கிறது என்பதே. லூக்கா 18-இல் வரும் உவமையில், விடாமல் முறையிட்ட விதவைக்கு நீதி செய்ய மனமில்லாத நியாயாதிபதியே இறுதியில் இணங்கினான் என்றால், நீதியுள்ள தேவன் எவ்வளவு அதிகமாகக் கேட்பார் என்று இயேசு வாதிடுகிறார். சந்ததியைப் பற்றிய தேவனுடைய வாக்கை நம்பி ஆபிரகாம் ஆரான் என்னும் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அவர் சந்தேகித்தார், மனைவியின் பணிப்பெண் ஆகார் மூலம் பிள்ளை பெறும் குறுக்குவழியும் தேடினார் என்பதை மறைக்காமல் ஆதியாகமம் எழுதியிருப்பதே எனக்கு மிகுந்த ஆறுதல்.

முறிந்த எலும்புக்குக் கட்டுப் போட்டிருக்கும் வாரங்களை நினைத்துப் பாருங்கள். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. உள்ளே எலும்பு கூடிக்கொண்டிருக்கும். பொறுமையிழந்து கட்டைப் பிரிப்பவர் அந்த வேலையையே கெடுத்துவிடுகிறார்.

பதில் தாமதித்தால் விசுவாசம் குறைவு என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். ஆனால் ‘முள்’ என்று தாம் குறிப்பிட்ட ஒரு துன்பம் தம்மைவிட்டு நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்தது முள்ளின் நீக்கமல்ல, அதைத் தாங்குவதற்கான கிருபை. அதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவும் இல்லை.