மூன்று ஆய்வகங்கள், ஒரு விசா

வணக்கம் தம்பி,

மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, பிஎச்டிக்காக வெளிநாடு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. மூன்று ஆய்வகங்களில் இடம் கிடைக்கும்போல் தெரிகிறது. முதலாவது, மூலக்கூறுகளைப் புதிய வழிகளில் கட்டும் தொகுப்பு வேதியியல் ஆய்வகம். இரண்டாவது, எலியின் மூளையில் நரம்புச் சுற்றுகளை ஆராயும் இடம். மூன்றாவது, ஆர்என்ஏ மருந்துகளை உடம்புக்குள் கொண்டுசேர்க்கும் வழி தேடும் மருத்துவ உயிரியல் குழு. "அக்கா, எதற்கு எதிர்காலம் அதிகம்? அப்புறம், ஆய்வகக் கூட்டத்தில் எல்லோரும் சரளமாகப் பேசுகிறார்கள், எனக்கு வாயே திறக்கவில்லை, இது போகப்போகச் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதிர்காலம் மூன்றுக்கும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து எது மேலே நிற்கும் என்று அந்தந்தத் துறையின் பெரிய ஆட்களாலேயே சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோ 1985இல் ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போனவர். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் எம்ஆர்என்ஏவை மருந்தாக்கலாம் என்று சொல்லி அவர் கேட்ட ஆய்வு நிதி திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. 1995இல் பதவியிலும் இறக்கினார்கள். 2005இல் அவரும் ட்ரூ வைஸ்மனும் எழுதிய முக்கியமான கட்டுரை வந்தபோதும் பெரிய பரபரப்பு இல்லை. 2023 நோபல் பரிசு அந்த வேலைக்குத்தான். 1995இல் ஒரு மாணவர் உங்கள் கேள்வியைக் கேட்டிருந்தால், யாரும் அந்த ஆய்வகத்தைக் கைகாட்டியிருக்க மாட்டார்கள்.

அதனால் வேறொன்றை விசாரியுங்கள். அந்த ஆய்வகத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினால், அது பலித்ததா இல்லையா என்று தெரிய எவ்வளவு காலம் ஆகும்? பிஎச்டி ஒரு வருடம் கூடுதலாக இழுத்தால் உள்ளூர் மாணவருக்கு அலுப்பும் பணக் கஷ்டமும். நமக்கு அதோடு தங்கும் அனுமதியின் கடைசித் தேதியும் சேர்ந்துகொள்ளும். நீட்டிப்பு மனு, பல்கலைக்கழகக் கடிதம், மேற்பார்வையாளர் கையெழுத்து என்று ஆய்வுக்குப் போக வேண்டிய நேரம் காகிதத்துக்குப் போகும். இங்கே பல வருடம் இருந்து, மாணவர்கள் வருவதையும் போவதையும் பார்த்தபின் சொல்கிறேன், தலைப்பைவிட இந்தக் கால அளவுதான் நம் போன்றவர்களின் பிஎச்டியைத் தீர்மானிக்கிறது.

உங்கள் இரண்டாவது ஆய்வகத்தைப் பாருங்கள். எலிக்குக் கர்ப்ப காலம் மூன்று வாரம். குட்டி பால் மறக்க இன்னொரு மூன்று வாரம். அது இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம் வயதாக வேண்டும். உங்களுக்கு வேண்டிய மரபணு மாற்றங்கள் மூன்று வெவ்வேறு எலி வரிசைகளில் இருந்தால், மூன்றும் சேர்ந்த குட்டியைப் பெறுவதற்கே அரை வருடம் ஓடிவிடும். ஒளியால் நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, இயக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் செய்வதென்றால், ஒளியை உணரும் புரதத்தின் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி மூளைக்குள் செலுத்திவிட்டு, அந்தப் புரதம் போதுமான அளவு உருவாக இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எலியை ஒரு பணிக்குப் பழக்க மேலும் சில வாரம். அல்சைமர் போல முதுமையில் வரும் நோயை எடுத்துக்கொண்டால், எலிக்கு வயதாகும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதே சோதனையில் பாதி. இதற்கெல்லாம் முன்னால் விலங்கு ஆய்வுக் குழுவின் அனுமதியும் விலங்கைக் கையாளும் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். முதல் வருடம் முடியும்போது காட்ட ஒரு படம்கூட இல்லாமல் நிற்கும் நரம்பியல் மாணவர்கள் நிறையப் பேர். ஒருவரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

நரம்பியலுக்குள்ளேயே பழ ஈயை வைத்து வேலை செய்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். 25 டிகிரி செல்சியஸில் முட்டை ஈயாக மாறப் பத்து நாள் போதும். சின்னப் பூச்சிதானே என்று தள்ளிவிடாதீர்கள். வளர்ந்த பெண் ஈ ஒன்றின் மூளை முழுவதற்குமான இணைப்பு வரைபடம் 2024 அக்டோபரில் வெளிவந்தது. ஏறத்தாழ 1,40,000 நியூரான்கள், அவை ஒன்றோடொன்று சேரும் சினாப்ஸ்கள் 5 கோடிக்கும் மேல். இப்படிப்பட்ட வரைபடங்களில் முதலாவது 1986இல் வந்தது, வெறும் 302 நியூரான்கள் உள்ள ஒரு புழுவுக்கு. எலி மூளையில் 2025இல் வெளியான பெரிய வரைபடம் ஒரு கன மில்லிமீட்டர் அளவுதான், அதற்குள்ளேயே 50 கோடிக்கு மேல் சினாப்ஸ்கள். ஈயின் வரைபடத்தில் முதல் கோடுகளைப் போட்டது செயற்கை நுண்ணறிவு. அது தவறாக ஒட்டியதையும் வெட்டியதையும் உட்கார்ந்து திருத்தியவர்கள் பல ஆய்வகங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான ஆட்கள், ஆய்வாளராக இல்லாத தன்னார்வலர்கள் உட்பட. அந்தத் தரவு யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே கிடக்கிறது. நிரல் எழுத வருமென்றால் ஒரு எலிகூட வளர்க்காமல் நரம்பியல் செய்யலாம். நீங்கள் பயணம் போனாலும் தரவு செத்துப்போகாது.

பயணத்தைச் சும்மா இழுக்கவில்லை. இதைப் புதிதாக வருபவர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஒரு மாதம் வீட்டுக்குப் போய் விசா புதுப்பித்துத் திரும்பலாம் என்று கிளம்புவீர்கள். வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் போன்ற துறைக்காரர்களின் மனுவைச் சில நாடுகள் கூடுதல் சரிபார்ப்புக்கு அனுப்பும், அது வாரக்கணக்கில் இழுக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் செல்களுக்கு யார் வளர்ப்புத் திரவம் மாற்றுவது? கூண்டுகளில் எந்த எலியை எதனோடு சேர்ப்பது என்று யார் முடிவெடுப்பது? தொகுப்பு வேதியியல் மாணவர் தன் சேர்மத்தைக் குப்பியில் போட்டு, ஆர்கான் நிரப்பி, மைனஸ் 20இல் வைத்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறலாம். தொடர்ந்து வளரும் செல் வரிசை என்றால் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டுப் போகலாம். எலி மூளையிலிருந்து நேரடியாக எடுத்து வளர்க்கும் நரம்பு செல்களை அப்படி விட முடியாது. போனது போனதுதான்.

சரி, முதல் ஆய்வகம். அங்கே காலையில் வினை வைத்தால் கலவையைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகடு பெரும்பாலும் மாலைக்குள் சொல்லிவிடும், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி மறுநாள் உறுதிப்படுத்தும். தோல்வியும் உடனே தெரிவது பெரிய வசதி. ஆனால் நீளமான தொகுப்பில் மாட்டிக்கொண்டால் கணக்கு கொடுமையானது. 20 படிகள், ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் கிடைக்கிறது என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கும், கடைசியில் கையில் நிற்பது 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பத்தொன்பதாவது படியில் பொருள் தீர்ந்தால் முதல் படியிலிருந்து மறுபடி. 1970களின் தொடக்கத்தில் முடிந்த வைட்டமின் பி12 தொகுப்பில் பல நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ நூறு பேர் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தார்கள். அவர்களில் பலர் அதன் முடிவைப் பார்க்கும் முன்பே வேறு ஊர் போய்விட்டவர்கள்.

இன்றைய தொகுப்பு வேதியியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்கெலிட்டல் எடிட்டிங். மருந்து மூலக்கூறின் வளையத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் இருந்தால் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க, முன்பெல்லாம் அந்த மூலக்கூறை ஆரம்பத்திலிருந்து வேறு வழியில் கட்ட வேண்டும். இப்போது கட்டி முடித்த வளையத்திலேயே ஓர் அணுவைச் செருக, எடுக்க, மாற்ற வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. பெர்க்லியில் ரிச்மண்ட் சர்போங், சிகாகோவில் மார்க் லெவின் குழுக்களின் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் முதல் ஆய்வகம் இந்தப் பக்கம் என்றால் யோசிக்காமல் சேரலாம். வெறும் நீளத் தொகுப்பு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்கு மூன்றாவதுதான் உங்களுக்குப் பொருத்தம் என்று தோன்றுகிறது. உயிரியல் குழுவில் வேதியியல்காரருக்கு என்ன வேலை என்று தயங்க வேண்டாம். கரிக்கோவும் வைஸ்மனும் கண்டதைப் பாருங்கள். வெளியிலிருந்து ஆர்என்ஏவைச் செலுத்தினால் உடம்பு அதைக் கிருமி என்று நினைத்து எதிர்த்தது. ஆர்என்ஏவின் கட்டுக்கற்களில் ஒன்றான யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடினை வைத்ததும் அந்த எதிர்ப்பு வெகுவாக அடங்கியது. இரண்டுக்கும் அணுக்கள் ஒன்றே. சர்க்கரையோடு நைட்ரஜன் வழியாகச் சேர்ந்த காரம் கார்பன் வழியாகச் சேர்ந்திருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். இதைப் படித்தால் உங்களைப் போன்றவர்களுக்குக் கை அரிக்க வேண்டும்.

ஆர்என்ஏவைப் பொதிந்து கொண்டுபோகும் கொழுப்புத் துகளும் வேதியியல்தான். இரத்தத்தில் மின்னூட்டம் ஏறக்குறைய இல்லாமல் இருந்து, செல்லுக்குள் போனபின் அங்குள்ள அமிலத்தன்மையில் நேர்மின்னூட்டம் ஏறும்படி ஒரு லிப்பிடை, அதாவது கொழுப்பு மூலக்கூறை, வடிவமைக்க வேண்டும். அப்படிச் செய்தும், செல் அதை விழுங்கி வைக்கும் எண்டோசோம் என்ற பையிலிருந்து தப்பி வேலை செய்யும் இடத்துக்குப் போவது மிகச் சிறு பங்குதான். இரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய்ச் சேரும். 2025இல் பிலடெல்பியாவில், சிபிஎஸ்1 என்ற நொதி சரியாக இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்காகவே தனியாக ஒரு மரபணுத் திருத்த மருந்தை ஏறத்தாழ ஆறு மாதத்தில் செய்து கொடுத்தார்கள். பழுது கல்லீரலில் இருந்ததும், துகள் கல்லீரலுக்கே போவதும் பொருந்திவந்தன. அதே வேகத்தில் மூளைக்குச் செய்ய முடியாது, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு விடாது. அந்தத் தடுப்பைத் தாண்டும் மூலக்கூறு செய்யத் தெரிந்தவர்களை நரம்பியல்காரர்களும் தேடுகிறார்கள். உங்கள் மூன்று ஆய்வகங்களும் சந்திக்கும் இடம் அது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். நோயாளியிடம் போய்ச் சேருவது உங்கள் பிஎச்டிக்குள் நடக்காது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை 1984இல் பிரித்தெடுத்தார்கள். அதை அகற்றும் லெகனெமாப் மருந்துக்கு அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது 2023 ஜூலையில். அதுவும் 18 மாதச் சோதனையில் நோயின் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வந்தன. நீங்கள் ஒரு லிப்பிடையோ ஓர் இணைப்பையோ சரியாகச் செய்தால் போதும், பட்டத்துக்கு அது தாராளம்.

கூட்டத்தில் பேச வராததற்கு வருவோம். சரளமாகப் பேசுபவர்கள் எல்லோரும் விஷயத்தோடு பேசுவதில்லை, அது உங்களுக்கே சில மாதத்தில் தெரியும். கூட்டத்துக்கு முன் பேசப்போகிறவரின் ஒரு படத்தை மட்டும் நன்றாகப் படித்து, அதில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கட்டுப்பாட்டுச் சோதனை எது என்று கேளுங்கள். எந்தத் துறையிலும் அந்தக் கேள்வி வீண்போகாது. துறை மாறினால் உள்ளூர்க்காரரும் பாதி சொற்கள் புரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின், உயிரியல் படிக்க மறுபடி மாணவராகச் சேர்ந்தவர். 2009இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவரும் முதல் வருடம் புரியாமல் உட்கார்ந்திருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

வாய் திறந்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. எந்தக் கையுறை, நச்சுப் புகையை உறிஞ்சும் எந்த ஃப்யூம் ஹூட், மிச்சத்தை எந்தக் கழிவுக் கலத்தில் ஊற்றுவது என்பதை ஆங்கிலம் தடுக்கிறது என்று கேட்காமல் விடாதீர்கள். 1996 ஆகஸ்டில் டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறை மேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம் ஒன்றிரண்டு துளி விழுந்தது. நச்சு உலோகங்களில் நிபுணர் அவர், அன்றைக்கு இருந்த விதிப்படிதான் வேலை செய்தார். அந்தத் திரவம் லேடெக்ஸைச் சில நொடிகளில் ஊடுருவும் என்பது அதன் பிறகு சோதித்துத்தான் தெரிந்தது. மாதங்கள் கழித்து அறிகுறிகள் வந்தன, 1997 ஜூனில் இறந்துவிட்டார். உங்களுக்கு முன்பின் தெரியாத சேர்மத்தைத் தொடும் முன் இரண்டு பேரிடம் கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அந்த ஆய்வகமே வேண்டாம்.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். முதல் வருடத்தில் சில மாதங்கள் வெவ்வேறு ஆய்வகங்களில் வேலை செய்து பார்க்கும் ரொட்டேஷன் உங்கள் துறையில் இருந்தால், மூன்றாவதை முதலில் எடுங்கள். பேராசிரியரிடம் பேசும் முன், அங்கே நான்காம் வருடத்தில் இருக்கும் ஒரு வெளிநாட்டு மாணவரைத் தனியாகப் பிடியுங்கள். கடைசியாகப் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை வருடம் எடுத்தார்கள், முதல் கட்டுரை எந்த வருடம் வந்தது, பயணத்தில் மாட்டிக்கொண்டவரின் வேலையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். எலிக்கு ஊசி போடும் வேலை உங்கள் தலையில் வருமா, அதற்குத் தனி ஆள் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிடுங்கள். அவர்களுடைய அண்மைக் கட்டுரை கையில் இருந்தால் அனுப்புங்கள், லிப்பிட் பகுதியை நானும் படித்துப் பார்க்கிறேன்.