டேப் டிரைவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சிஸ்டம் வேலைகளைக் கவனிக்கிறேன். சர்வரில் இணைத்த எல்டிஓ-6 டேப் டிரைவில் (காந்த நாடாவில் டேட்டாவைப் பதியும் கருவி, 6 என்பது அதன் தலைமுறை) வெள்ளிக்கிழமைதோறும் பேக்கப் எடுப்போம். மூன்று வாரமாக அது பாதியிலேயே 'ஹார்டுவேர் எரர்' என்று நின்றுவிடுகிறது. லேமிங்டன் ரோட்டுக் கடைக்காரர், டிரைவைப் பார்க்காமலே, "டிரைவ் போச்சு சார், எல்டிஓ-8 போட்டுடுங்க" என்கிறார். அலமாரியில் நாற்பது பழைய டேப்கள் இருக்கின்றன. வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த நாற்பது டேப்களுமே அதற்கு முதல் காரணம். எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்களைப் படிக்கும். 2017-ல் வந்த எல்டிஓ-8-ல் அந்த வசதி இல்லை. அது 7-ஐயும் 8-ஐயும்தான் ஏற்கும், 6-ஐப் படிக்காது. 2013 கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் கிளையன்ட் ஒருவர் நாளை பழைய கணக்கைக் கேட்டு வந்தால், புது டிரைவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? மாற்றியே ஆகவேண்டும் என்றால் எல்டிஓ-7 வாங்குங்கள்.

ஆனால் டிரைவ் போனது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையே. அழுக்கேறிய ஹெட் (டேப்பில் எழுதிப் படிக்கும் முனை), தேய்ந்த டேப், தளர்ந்த கேபிள், டிரைவைச் சர்வரோடு இணைக்கும் கார்டு பொருந்தாதது என எதனால் நின்றாலும் பேக்கப் சாஃப்ட்வேர் பெரும்பாலும் இதே வார்த்தையைத்தான் காட்டும். அந்த மூன்று வாரமும் ஒரே டேப்பையா போட்டீர்கள்? ஒரு டேப்பில் மட்டும் நின்றால் அந்த டேப்பைச் சந்தேகியுங்கள். எல்லாவற்றிலும் நின்றால்தான் டிரைவ், கேபிள் பக்கம் போக வேண்டும். இதைச் சோதிக்கப் புது டேப் ஒன்றை வாங்குங்கள். அலமாரியில் இருப்பதை எடுத்துப் போடவே போடாதீர்கள். பழுதான டிரைவ் நல்ல டேப்பையும் கெடுத்துவிடும், அதில் இருப்பது உங்களிடம் வேறெங்கும் இல்லாத கணக்கு.

உங்களுடையது ஐபிஎம் டிரைவ் என்றால் முன்பக்கச் சின்னத் திரையில் ஓர் எழுத்தோ எண்ணோ தெரியும். 'சி' என்றால் கிளீனிங் கேட்கிறது. 7 என்றால் பெரும்பாலும் டேப்பில் கோளாறு. 6 என்றால் டேப்பாகவும் இருக்கலாம், டிரைவாகவும் இருக்கலாம். 5 என்றால் டிரைவுக்குள்ளேயே கோளாறு. சர்வர் விண்டோஸ் என்றால் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரையும் திறந்து பாருங்கள். அதில் ஈவென்ட் எண் 7 வந்தால் டேப்பையோ ஹெட்டையோ பாருங்கள், 11 வந்தால் கேபிளையும் கார்டையும் பாருங்கள்.

டேப்பின் பக்கவாட்டில் உள்ள சிறு கதவை விரலால் மெல்லத் திறந்தால் உள்ளே ஓர் உலோகக் குச்சி தெரியும். டேப்பின் நுனி அதில்தான் கட்டப்பட்டிருக்கிறது. டிரைவ் அதைப் பிடித்துத்தான் டேப்பை உள்ளே இழுக்கிறது. அது இருபுறமும் கிளிப்பில் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே விழுந்த டேப்பில் அது சரிந்துபோயிருக்கும், அதை டிரைவில் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, நம்ம ஊர் மழைக்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த டேப்பை ஒரு நாள் முழுக்க சர்வர் ரூமிலேயே வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். ஈரம் படிந்த டேப் ஹெட்டில் ஒட்டும்.

கிளீனிங் கார்ட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். அடிக்கடி போட்டால் ஹெட் தேயும். ஒன்றை ஏறத்தாழ 50 முறைதான் பயன்படுத்தலாம், தீர்ந்துபோனதைப் போட்டுப் பயனில்லை. பஞ்சும் ஸ்பிரிட்டும் கிட்டவே வரக்கூடாது.

கேபிளை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தேரியில் ஓர் அலுவலகத்துக்கு நானே புது டிரைவ் வாங்கச் சொன்னேன். அதிலும் அதே எரர் வந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் டிரைவைச் சர்வரோடு இணைக்கும் சாஸ் கேபிள் 'கிளிக்' என்று முழுதாகப் பூட்டவே இல்லை. அவர்களுடைய பணம் வீணானது இன்றும் எனக்கு வருத்தம்தான். கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், முடிந்தால் வேறொன்று போட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டில் டிரைவை மாட்டியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், தனி சாஸ் கார்டு போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால், ஐபிஎம், எச்பி இரண்டுக்கும் அந்தந்த நிறுவனமே தரும் பரிசோதனை மென்பொருளை ஓட்டுங்கள். எழுதிப் பார்க்கும் சோதனை டேப்பில் இருப்பதை அழித்துவிடும், அதனால் அந்தப் புது டேப்பையே போடுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு கடைக்குப் போனால் பேச்சே வேறாக இருக்கும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் டிரைவ் வாங்கி அது கெட்டுப்போனால் நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாமா?

பதில்: அலுவலகத்துக்கு என்றால் கஷ்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காகத் தாமே பயன்படுத்த வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே உங்களுக்கு பில்தான் ஆதாரம். சீரியல் நம்பர், எத்தனை நாள் வாரண்டி, கெட்டால் மாற்றித் தருவாரா பணமா என்பதையெல்லாம் அதிலேயே எழுதி வாங்குங்கள். கடையிலேயே நீங்கள் கொண்டுபோகும் புது டேப்பில் எழுதி, திரும்பப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.