கார்பன் வரிக்கு ஓட்டு விழுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓசூர் சிப்காட்டில் போல்ட், நட் செய்யும் சிறிய கம்பெனி நடத்துகிறேன். சரக்கில் ஒரு பங்கு சென்னை ஏற்றுமதியாளர் ஒருவர் மூலமாக ஜெர்மனிக்குப் போகிறது. கொஞ்ச நாளாக அங்கிருந்து ஒரு எக்செல் தாளை அனுப்பி, 'ஒரு டன் போல்ட்டுக்கு எவ்வளவு கார்பன்?' என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள். ஐரோப்பிய எல்லையில் கார்பன் கட்டணமாம். நம் நாட்டிலேயே கார்பனுக்கு ஒரு விலை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும் என்கிறார் எங்கள் ஆடிட்டர். என் மாமனார் காரிமங்கலத்துக்காரர், மாந்தோப்பும் ஒரு லாரியும் வைத்திருக்கிறார். 'இருக்கிற டீசல் வரிக்கே கட்டி மாளவில்லை. இதைக் கொண்டுவருகிற கட்சி டெபாசிட் இழக்கும்' என்கிறார். தேசிய அளவில் அப்படி ஒரு விலை வருமா? வந்தால் நிற்குமா? பெயர் போட வேண்டாம்.

– ஓசூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாமனாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் கார்பன் விலை, அதாவது எரிபொருள் விடும் புகைக்கான காசு, கட்டிக்கொண்டுதான் இருக்கிறார், அந்தப் பெயரில் இல்லை, அவ்வளவுதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு (சுருக்கமாகக் கார்பன்) வெளியாகும். 2022 மே மாதம் ஒன்றிய அரசு டீசல் மீதான கலால் வரியைக் குறைத்தது. குறைத்த பிறகும் அது லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசாக இருந்தது. கணக்குப் போட்டால் ஒரு டன் கார்பனுக்குக் கிட்டத்தட்ட 5,900 ரூபாய். மாநில வாட் வரி இதில் சேரவில்லை. கார்பன் வெளியிட ஆலைகள் அனுமதி வாங்குகிற ஐரோப்பியக் கார்பன் சந்தையில் ஒரு டன் விற்கிற விலைக்குப் பக்கத்தில் அப்போதே வந்துவிட்டார் தர்மபுரி மாவட்டத் தொப்பூர் கணவாயில் இறங்குகிற நம் லாரிக்காரர்.

நிலக்கரிக்கு வாருங்கள். 2010 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் செஸ் (ஒரு தனி நோக்கத்துக்கான கூடுதல் வரி) போட்டார். அருண் ஜெட்லி காலத்தில் 100, 200 என்று ஏறி 2016இல் 400 ஆனது. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, கார்பன் டன்னுக்கு அது 300 ரூபாயைக்கூடத் தொடவில்லை. டீசல் கொடுப்பதில் இருபதில் ஒரு பங்கு!

ஆனால் அரசியல் அந்த 400 ரூபாயில்தான் இருக்கிறது. ஆறு வருடத்தில் எட்டு மடங்கு ஏறிய ஒரு வரியை எதிர்த்து நம் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சைக்கிள் பேரணிகூட நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்றால், செஸ் யூனிட்டுக்கு 28 காசு. அது எந்த கரண்ட் பில்லிலும் தனி வரியாக அச்சாகவில்லை. நம் ஊரில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், 2016இல் வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. அந்தச் சுமை மாநில கஜானாவுக்கும் மின்வாரியக் கடனுக்கும்தான் போனது.

அப்புறம் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது தூய ஆற்றல் என்ற பெயர் போய், அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் இல்லை. பதிலுக்கு நிலக்கரி ஜிஎஸ்டி 5இலிருந்து 18 சதவீதமாகியிருக்கிறது. டன்னுக்கு இவ்வளவு என்று இருந்தது விலைக்கு இத்தனை சதவீதம் என்றானதால், சாம்பல் அதிகமுள்ள மலிவான நிலக்கரிக்கு இப்போது வரி குறைவு. கார்பன் விலை என்ற நோக்கத்துக்கு இது நேர்மாறு. அந்த வாரம் தர்மபுரியில் எல்லோரும் பேசியது பைக் விலை குறைந்ததைப் பற்றி. நிலக்கரி செஸ் வந்தபோது எதிர்க்க ஆள் இல்லை, போனபோது தடுக்கவும் ஆள் இல்லை. அந்தப் பணத்தில் தனக்கு இவ்வளவு வந்தது என்று சொல்ல ஒரு குடும்பமும் இல்லாதபோது யார் தடுப்பார்கள்?

கனடாவில் ட்ரூடோ அரசு 2019இல் எரிபொருள் மீது கார்பன் கட்டணம் வைத்தது. பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. ஒன்டாரியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2024–25இல் ஆண்டுக்கு 1,120 டாலர். ஆனால் பெட்ரோல் பங்க்கில் ஏறிய விலை தினமும் கண்ணில் பட்டது. திரும்பி வந்த பணமோ முதலில் வருமான வரிக் கணக்கோடு, 2022 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் சில ஆண்டுகள் என்ன பணம் என்றே புரியாத பெயரில், வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் விழுந்தது. 'வரியை வெட்டு' என்று எதிர்க்கட்சித் தலைவர் ஊர் ஊராகப் போனார். கடைசியில் 2025 மார்ச் 14, பதவியேற்ற அன்றே, மார்க் கார்னி அதைப் பூஜ்யமாக்கிக் கையெழுத்துப் போட்டார். அதே லிபரல் கட்சிக்காரர்தான். தொழிற்சாலைகள் மீதான கார்பன் விலையை மட்டும் தொடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் வந்தது 2014 ஜூலையில் ரத்து. பிரான்சில் 2018இல் மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், எரிபொருள் வரி உயர்வு நின்றது.

இதை நம்மூரோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை அன்றைய முதல்வர் ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்தது இதே தொப்பூரில்தான். ஆயிரம் ரூபாய் எந்தத் தேதியில் விழும், யார் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்கு ஏன் வரவில்லை எல்லாம் இங்கே அத்துப்படி. பணத்தைக் கண்ணுக்குத் தெரியக் கொடுக்கிற வித்தையைக் கனடாக்காரர்கள் இங்கே வந்து கற்றிருக்கலாம்.

ஆகவே என் பதில் இது: திரும்பக் கொடுக்கிற பணம் மாதாமாதம் பெயரோடு கையில் விழாவிட்டால், இந்தியாவில் கார்பன் வரி என்ற பெயரில் எதுவும் இரண்டு தேர்தலைத் தாண்டாது. கொடுப்பது நடக்குமா என்றால் கணக்கு கஷ்டமாக இருக்கிறது. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் நிலக்கரி. பழைய 400 ரூபாயை மீண்டும் போட்டால் 40,000 கோடி. 30 கோடிக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால் மாதம் நூற்றுப் பத்து ரூபாய் சொச்சம். இதற்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? ஆயிரமாக்க வேண்டுமானால் செஸ்ஸை ஒன்பது மடங்காக்க வேண்டும், மின்சாரம் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் ஏறும். போதாக்குறைக்கு, ஒன்றிய அரசு செஸ் என்று வசூலித்தால் வழக்கமான வரிப் பங்கீட்டில் அது சேராது, மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. இலவச மின்சாரத்தின் கூடுதல் செலவு சென்னைக்கு, வசூல் டெல்லிக்கு என்றால் எந்தத் தமிழக அரசும், எந்தக் கட்சியாக இருந்தாலும், சும்மா இருக்காது. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் அரசுகளுக்கு நிலக்கரிக்குக் கிடைக்கிற ராயல்டி (தோண்டும் உரிமைக்கான தொகை) குறையுமோ என்ற கவலை தனி.

அதனால்தான் டெல்லி வேறு வாசல் வழியாக வருகிறது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தை அறிவித்தார்கள். சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின்) ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்கு கொடுத்தார்கள். ஒரு டன் சிமெண்ட்டுக்கு எவ்வளவு கார்பன் என்பதுதான் இலக்கு, மொத்தம் எவ்வளவு என்பது இல்லை. இலக்கைத் தாண்டி அதிகமாக வெளியிட்டால் மட்டும், குறைவாக வெளியிட்ட ஆலைகளுக்குக் கிடைத்த கிரெடிட் என்ற சான்றை வாங்க வேண்டும். வாக்காளர் கண்ணில் படாது, நிற்கும். ஆனால் நிலக்கரியை அதிகம் எரிக்கிற மின் நிலையங்கள் இதில் இல்லை. நமக்குப் பக்கத்து மேட்டூர் அனல் நிலையம் உட்பட. அவை உள்ளே வராதவரை இதைத் தேசிய கார்பன் விலை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மின் நிலையத்தைத் தொட்டால் கரண்ட் பில் என்ற அரசியல் மறுபடி முளைக்கும். அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் துணிச்சல் வருமென்று நான் நம்பவில்லை.

ஆடிட்டர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. டீசல் போட அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குப் போகிற லாரிகளை ஓசூர்க்காரர்களான நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவென்றால் வியாபாரம் அந்தப் பக்கம் போய்விடும் என்று ஐரோப்பியர்களும் பயந்தார்கள். 2026 ஜனவரி முதல் அவர்கள் எல்லையில் கேட்கிற கட்டணத்தின் காரணம் அதுதான். உற்பத்தியான நாட்டிலேயே கார்பனுக்குக் காசு கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் விதி சொல்கிறது. ஐரோப்பாவுக்குப் போகிற பணம் நம்மிடமே இருக்கட்டும் என்பது டெல்லியில் எடுபடக்கூடிய வாதம். அநேகமாக அது ஒன்றுதான் எடுபடும். ஆனால் இலக்கைத் தாண்டியதற்கு மட்டும் வாங்குகிற கிரெடிட்டில் கழிக்க அதிகம் தேறாது.

உங்கள் எக்செல் தாளுக்கு வருகிறேன். இரும்பு, எஃகுப் பொருள்களுக்கு இப்போதைய விதியில் மின்சாரத்தால் வரும் கார்பன் சேராது. ஆகவே கரண்ட் பில்லைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் போல்ட்டின் கார்பனில் பெரும்பங்கு நீங்கள் வாங்குகிற வயர் ராடிலேயே (எஃகுக் கம்பி) இருக்கிறது. அதை உருக்கிய ஆலையிடம் டன்னுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். உலையில் கேஸோ டீசலோ எரித்தால் அந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டுமா என்று ஏற்றுமதியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மன் இறக்குமதியாளர் இந்தக் கட்டணம் விழுகிற வகைச் சரக்கை எல்லா இடத்திலிருந்தும் சேர்த்து வருடத்துக்கு 50 டன்னுக்குள்தான் வாங்குகிறார் என்றால் அவருக்கு இந்தக் கட்டணமே கிடையாது. அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.