அந்த வெடிப்பில் ஒரு பேனா

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பித்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய சுயசரிதை எங்களுக்குப் பாடம். அதிலுள்ள இலக்கிய உத்திகளைப் பட்டியல் போடச் சொல்கிறார்கள். சவுக்கடி பட்ட மனிதர் தன் வலியைச் சொல்லும்போது உவமை எங்கே, உருவகம் எங்கே என்று தேடுவது கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாரே, கூட்டி எழுதியிருப்பாரோ என்ற சந்தேகமும் வருகிறது. நடந்த கதையை நடந்ததாகவே படித்துவிட்டுப் போகக் கூடாதா?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: பட்டியல் போட உங்களுக்கு வரும் கூச்சம் நல்ல கூச்சம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் 'நடந்ததாகவே படித்துவிட்டுப் போகலாம்' என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. டக்ளஸிடமே இதைச் சொன்னார்கள். சொன்னவர்கள் எதிரிகள்கூட இல்லை, கூட இருந்தவர்கள்.

1841-இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் பேசிய பிறகு, அவரை ஊர் ஊராகப் பேச அழைத்துப் போனார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவருக்கு அலுத்துப்போனது. அடிமை முறை ஏன் அநியாயம் என்று தன் யோசனையையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தார். உடனே கூட வந்த அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காரர் காலின்ஸ், 'நடந்ததை மட்டும் சொல்லு, தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றார். பேச்சில் தோட்டத்து அடிமையின் வாடை கொஞ்சம் இருக்கட்டும், ரொம்பப் படித்தவன் மாதிரி தெரியவேண்டாம் என்றும் புத்தி சொன்னார்கள். 1855-இல் வந்த இரண்டாவது சுயசரிதையில் டக்ளஸ் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அவர்கள் நல்லவர்கள்தான், அடிமைகளுக்காக உழைத்தவர்கள்தான். ஆனாலும் முதுகுத் தழும்பு அவருக்கு, அதற்கு அர்த்தம் சொல்கிற வாய் தங்களுக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள். எழுதிய விதத்தைப் பார்க்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னால், அந்தப் பங்கீட்டுக்கு நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஐந்தாம் அத்தியாயத்தை எடுங்கள். சிறுவனுக்குக் குளிர்காலத்தில் படுக்கை கிடையாது. மில்லுக்குச் சோளம் கொண்டுபோகிற சாக்கைத் திருடி, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஈர மண் தரையில் தூங்குகிறான். கால் வெளியே கிடக்கிறது. பனியில் அந்தப் பாதங்கள் எவ்வளவு வெடித்திருந்தன என்று சொல்ல வரும்போது எழுதுகிறார்: இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை அந்த வெடிப்புகளில் வைக்கலாம்.

அந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். காலில் வெடிப்பு விழுந்தவர்களை நம் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம், விரல் நுழையும்போல இருக்கிறது என்போம். விரல் என்று எழுதியிருந்தாலும் அளவு புரிந்திருக்கும். அவர் பேனாவை எடுக்கிறார். மேரிலாந்தில் மண் தரையில் கிடக்கிற பிள்ளையின் காலும், பல வருஷம் கழித்து மாசச்சூசெட்ஸின் லின் நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவரின் கையும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன. நான் இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் தொடர முடிகிறது.

அப்புறம் அந்தக் குதிரை. முதல் பத்தியிலேயே வருகிறது. குதிரைக்குத் தன் வயதைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, பெரும்பாலான அடிமைகளுக்கும் அவ்வளவுதான் தெரியும் என்கிறார். கைடு புத்தகம் இதற்கு 'உவமை' என்று பெயர் வைத்து அங்கேயே நின்றுவிடும். நீங்கள் தொடர்ந்து போங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் சோளக் கூழைத் தொட்டியில் ஊற்றித் தரையில் வைத்து, பன்றிகளைக் கூப்பிடுவதுபோலக் குழந்தைகளைக் கூப்பிடுகிறார்கள். சிப்பி ஓட்டாலும் வெறுங்கையாலும் அள்ளித் தின்கிறார்கள். எட்டாம் அத்தியாயத்தில் எஜமான் உயில் எழுதாமல் செத்துப்போக, பாகம் பிரிக்கச் சொத்துக்கு விலை போடுகிறார்கள். அதற்காக, வேறு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்த பால்டிமோர் நகரத்திலிருந்து டக்ளஸையும் வரவழைக்கிறார்கள். குதிரைகளும் ஆண்களும், மாடுகளும் பெண்களும், பன்றிகளும் குழந்தைகளும் என்று ஜோடி ஜோடியாக எழுதிக்கொண்டு போகிறார். முதல் பக்கத்தில் உவமையாக வந்த குதிரை, இங்கே அவர் நிற்கும் அதே வரிசையில் நிஜமாகவே நிற்கிறது. ஏழு அத்தியாயம் காத்திருந்து வைத்த இடம் இது. இதில் எதைக் கூட்டி எழுதியதாகச் சொல்வீர்கள்?

சொல்லாமல் விட்டதையும் கவனியுங்கள். 1838 செப்டம்பர் 3-ஆம் தேதி தப்பித்தார். எப்படி என்று இந்தப் புத்தகத்தில் கிடையாது. சொன்னால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபட்டுவிடும் என்று காரணத்தை மட்டும் சொல்கிறார். ஒரு மாலுமியின் சான்றிதழை வைத்துக்கொண்டு ரயிலேறிய கதையை 1881-இல் வந்த மூன்றாவது சுயசரிதையில்தான் முழுதாக எழுதினார். இதையும் விடைத்தாளில் எழுதுங்கள்.

உங்கள் சந்தேகம் அப்போதும் இருந்தது. புத்தகம் வந்த அதே வருஷம், தாம்ப்சன் என்பவர் டெலவேர் மாநிலப் பத்திரிகை ஒன்றில் மறுப்பு எழுதினார். இந்த ஆளை எனக்குத் தெரியும், அப்போது ஃபிரடெரிக் பெய்லி என்று பெயர், படிப்பில்லாத சாதாரண அடிமை, இப்படி ஒரு புத்தகத்தை அவனால் எழுதியிருக்க முடியாது என்றார். டக்ளஸ் அடிமையாகவே இருந்திருக்கமாட்டார் என்று பலர் சொல்லிவந்த நேரம் அது. மறுக்க வந்தவரே அவர் அடிமையாக இருந்ததற்குச் சாட்சி சொல்லிவிட்டார். ஸ்காட்லாந்திலிருந்து டக்ளஸ் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அடிமை பெய்லி வேறு, சுதந்திர மனிதன் டக்ளஸ் வேறு, அன்றைக்கு இருந்ததை வைத்து என்னை எடைபோடாதீர்கள் என்றார்.

பெய்லி எப்படி டக்ளஸ் ஆனார் என்பதன் தொடக்கம் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பால்டிமோர் தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். வேலிப் பலகையிலும் செங்கல் சுவரிலும் சாக்கட்டியால் எழுதிப் பழகுகிறார். வீட்டில் ஆளில்லாத நேரத்தில், எஜமானின் மகன் எழுதி முடித்த காப்பி நோட்டை எடுத்து, அவன் விட்டுவைத்த இடைவெளிகளில் அவன் எழுத்தைப் பார்த்து எழுதுகிறார். ஐந்தாம் அத்தியாயத்துப் பேனாவை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை இன்றைக்கு ஒருமுறை படியுங்கள்.